இருநூற்று ஐம்பத்தாறு கிராம்

முதல் அரை நாள் கேபிளில் போனது.
புரோகிராமரில் பச்சை விளக்கு எரிகிறது,
லேப்டாப்போ அப்படி யாரும் இங்கே இல்லை என்கிறது.
டிரைவரைக் கழற்றி மாட்டினேன். போர்ட்டை மாற்றினேன்.
ஆறு பின்னுக்கும் புதிதாய் ஈயம் வைத்தேன்.
கடைசியில் பார்த்தால் அது செல்போன் சார்ஜர் கேபிள்.
உள்ளே இரண்டே கம்பி. சோறு போடும், பேசாது.
நான்கு ரோட்டில் அறுபது ரூபாய்க்கு வேறு வாங்கி வந்தேன்.
சிப் தன் பெயரைச் சொன்னது:
1E 93 0A.

தராசு, தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியுடையது.
அவ்வப்போது கால் கிலோ குறைகிறதாம்.
பென்னாகரத்துப் பக்கம் மாதம்மாள் சீட்டைத் தூக்கிப் பிடித்து
ஏலக்கூடம் முழுக்கக் கேட்கக் கத்தியிருக்கிறார்.
அன்றிலிருந்து எடைபோடும் முனிவேலு வேலையில் இல்லை.
எதிர்ச் சாரி டீக்கடையில் இருக்கிறார்,
நான் உள்ளே போவதையும் வெளியே வருவதையும்
எண்ணிக்கொண்டு.

ஏழு சீட்டு வாங்கி மறு எடையோடு ஒப்பிட்டேன்.
கால் கிலோ இல்லை.
ஏழிலும் இருநூற்று ஐம்பத்தாறு கிராம்.
இருநூற்று ஐம்பது என்றால் மனிதனைச் சந்தேகப்படலாம்.
இருநூற்று ஐம்பத்தாறு திருடத் தெரிந்த கை
எனக்குத் தெரிந்து யாருக்கும் இல்லை.

கம்பெனி அனுப்பிய அசெம்பிளி ஃபைலில்
ஆயிரத்து நானூறு வரி.
ஒரே ஒரு குறிப்பு, டைமர் இன்டரப்ட்டுக்கு மேலே:
இதைத் தொடாதே.
அசெம்பிளரில் ஓட்டினால்
எரர் 0, வார்னிங் 0.

டிபக்கரில் ஒவ்வொரு அடியாய் நடத்தினேன்.
கூடையின் எடையைக் கழிக்கிறது.
கீழ் பைட்டில் போதாவிட்டால் மேல் பைட்டில் கடன் வாங்குகிறது,
மூன்றாம் வகுப்பில் நாம் பக்கத்து வீட்டில் வாங்கினோமே
அதே கடன்தான்.
நிறுத்தி நிறுத்திக் கேட்டால் எல்லாம் ஒழுங்கு.
அவிழ்த்துவிட்டால்தான், எப்போதாவது.

டிபக்கர் நிறுத்தும்போது டைமரும் நின்றுவிடும்
என்பது எனக்குத் தெரிந்த விஷயம்.
தெரிந்த அது உறைக்க மூன்றாம் நாள் ராத்திரி ஆனது,
அடுப்பில் புளிக்குழம்பு பிடித்துப்போன வாசனையோடு.

காலியாய்க் கிடந்த இரண்டு பின்னிலிருந்து
கம்பியை வெளியே இழுத்தேன்.
கழித்தலுக்கு ஒன்று, இன்டரப்ட்டுக்கு ஒன்று.
மலிவு அனலைசரில் இரண்டு கோடு ஓடின.
காலை நாலரைக்கு ஒன்று மற்றதின் வயிற்றுக்குள் புகுந்தது.

முதல் பாதி கழித்தலுக்கும் இரண்டாம் பாதிக்கும் நடுவே
ஒரு மைக்ரோ நொடி இடுக்கு.
அதற்குள் டிஸ்பிளேயைப் புதுப்பிக்க வந்தவன்
வேலையை முடித்துப் போகிற போக்கில்
கடன் கொடியை இறக்கிவிட்டுப் போகிறான்,
இல்லை, ஏறாமல் இருந்ததை ஏற்றிவிட்டு.
வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே வைத்துவிட்டுப் போ
என்று அவனிடம் சொல்ல நாலு வரி போதும்.
யாரோ எழுதாமல் விட்ட நாலு வரி.

கொடி தப்பாய் ஏறினால் எடை குறையும்.
தப்பாய் இறங்கினால் கூடும்.
அப்படியானால் கூடிய சீட்டுகளும் இருந்திருக்க வேண்டும்.
ஒருவரும் கொண்டுவரவில்லை.

எழுதி ஏற்றினேன்.
பத்து கிலோ படிக்கல்லை வைத்தும் எடுத்தும்
இரண்டு ரோல் தாள் தீர்ந்தது. ஒரு கிராம் அசையவில்லை.

முனிவேலு டீக்கடையிலிருந்து எழுந்து வந்தார்.
"மிஷின் தப்புதானே?"
"மிஷின்கூட இல்லீங்க. அதுக்கு எழுதினவர் தப்பு."
"யாரு அவரு?"
"பேரு போடலைங்க."
"அப்போ நீ பேப்பர்ல எழுதிக் குடும்மா.
சூப்பர்வைசருக்குக் காட்டணும். சீல் வச்சு."

என்னிடம் சீல் இல்லை.
எழுதிக் கொடுத்தேன்: கொடி, பைட், இன்டரப்ட்.
இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.
மேசையில் நான் அச்செடுத்துவைத்த நீளத் தாளின் அடியில்
விரலை வைத்தார்.
"இதுல எரர் ஜீரோன்னு போட்டிருக்கே. இதக் குடு."

நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
படியிறங்கினார்.
பழைய ஃபைலுக்கும் அதையேதான் சொன்னது அசெம்பிளர்.
நான் கூப்பிடவில்லை.