ஐந்து வெள்ளிக்கு ஓர் இரவு

கைப்பேசியில் எல்லாமே பச்சை.
செம்பனையும் பச்சை, காடும் பச்சை.
விரலால் விரித்துப் பார்த்தால்
ஒரு பக்கம் சீப்பால் வாரிவிட்ட தலை,
மறு பக்கம் தூங்கி எழுந்த தலை.
"வாராத தலைதான் காடு" என்றான் லோகேந்திரன்.
அதை நம்பித்தான் கூடாரம் வாங்கினோம்,
ஈப்போவில், தள்ளுபடியில், ஆரஞ்சு நிறத்தில்.

சுங்காய் வன இலாகா முகப்பில்
ஹஸ்லினா எங்கள் மூவரின் ஐசியையும்
ஒவ்வொன்றாய்த் திருப்பிப் பார்த்தாள்.
ஆளுக்கு ஐந்து வெள்ளி.
முத்திரை குத்திய தாள், அது அனுமதி.
நகலை நகலெடுத்த நகல், அது வரைபடம்.
மடிப்பு விழுந்த இடத்தில்
ஆற்றின் பெயர் 'சுங்கை பெ' என்று தொடங்கி
வெள்ளைக் கோட்டுக்குள் விழுந்திருந்தது.
"ஆறு இருக்கு, பேருதான் இல்ல"
என்று மலாயில் சொல்லிச் சிரித்தாள்.

எங்கள் வீடு கம்பெனியுடையது.
கூரைத் தகரம், தண்ணீர் மீட்டர்,
கதவில் அடித்த நம்பர் எல்லாம் கம்பெனியுடையது.
பின்பக்கம் நான் வைத்த கறிவேப்பிலை பற்றி
இதுவரை யாரும் கேட்கவில்லை.
என் பெயர் போட்டு, ஐசி நம்பர் போட்டு
ஒரு நிலத்தை யாரும் எழுதித் தந்ததில்லை,
ஓர் இரவுக்குக்கூட.
அந்தத் தாளை நளாயினி பிளாஸ்டிக் உறையிலிட்டு
ரொட்டிக்கும் மெகிக்கும் மேலே வைத்தாள்,
நசுங்கிவிடக் கூடாதென்று.

இருநூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்பச் சொன்னது குரல்.
இடப்பக்கம் சங்கிலி.
சங்கிலிக்குப் பின்னால் நாற்காலி.
நாற்காலியில் நேப்பாளக் காவலர்.
"மேப்பா?" என்றார்,
எங்களுக்கு முன் வந்த கார்களின் சலிப்போடு.
தாளை விரித்தோம்.
அதில் இங்கே ரப்பர் ஆலை, ஒரு பள்ளிக்கூடம்.
எதிரே இருந்தது கோழிப் பண்ணை.
தாள் முப்பது வருசம் பின்னால் நின்றது,
கைப்பேசி சங்கிலிக்கு முன்னால் நின்றது,
நாங்கள் வெயிலில் நின்றோம்.

சுற்றிப் போனோம். சிக்னல் செத்தது.
நீலப் புள்ளி ஆற்றின் நடுவே உறைந்து
எங்களை மூழ்கடித்துவிட்டுச் சும்மா இருந்தது.
பெயர் போன ஆற்றைக் காதால் கண்டுபிடித்தோம்.
இருட்டுவதற்குள் முளையடித்து,
அட்டைக்கு உப்புத் தூவி,
மழை பிடிக்குமுன் மெகி தின்றோம்.
"நம்ம எடம்" என்றான் லோகேந்திரன்.
நளாயினி இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.
சொன்னான்.

விடியலில் ஒரு சத்தம்.
குரங்கில்லை, இருவாச்சி இல்லை.
வளைவில் கியர் மாற்றி
பிரேக்கில் அழும் லோரி.
பதினோரு வருசமாய் எடைமேடைக் கிராணி நான்,
அந்த அழுகை எனக்குத் தெரியும்: 3806.
ஜிப்பை இழுத்துத் தலை நீட்டினேன்.
இருபதடியில் செம்பனை வரிசை, வாரிவிட்ட தலை.
கூடாரத்துக்குப் பின்னால்
பாசி மூடிய எல்லைக் கல்.
காட்டுக்குப் பணம் கட்டிவிட்டு
என் கம்பெனியின் பதினாலாம் ஃபீல்டில்
இரவெல்லாம் தூங்கியிருக்கிறேன்.

பிரிக்கவில்லை.
முளையை மட்டும் பிடுங்கி
ஆளுக்கொரு மூலையாய்,
நாலாவது மூலை தரையில் இழுபட,
கல்லைத் தாண்டிப் பதினோரு அடி தூக்கிப் போனோம்.
அனுமதி பகல் பன்னிரண்டு வரை.
தேநீர்கூடப் போடாமல் படுத்து
பன்னிரண்டு வரை தூங்கினோம்.

திங்கட்கிழமை 3806 மேடையேறியது.
"பதினாலுல நேத்து ஒரு ஆரஞ்சுக் கூடாரம்.
யாருன்னு தெரியுமா?" என்றார் அஞ்சப்பன்.
சட்டைப்பையில் வரைபடம் நாலாய் மடிந்திருந்தது,
புது மடிப்பு, கல் இருக்கும் இடத்தில்.
"பதினெட்டு டன் நானூறு" என்றேன்.
"இறக்கிட்டு வாங்க."