இன்னும் மூணு மீட்டர்

ஹம்ரானியாவில் கிணறு என்றால்
எட்டிப் பார்க்க ஒன்றுமில்லை.
தரையில் ஓர் இரும்புக் குழாய்,
வாய்க்கு ஒரு தகர மூடி,
காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு செங்கல்.
நான் மோட்டார் இறக்குகிறவன்.
ஏற்றுகிறவனும் நான்தான்.
பதினோரு வருஷமாக ராஸ் அல் கைமாவின் தாகத்தை
மீட்டர் கணக்கில் அளந்து
பில் போடுகிறேன்.

ஒபைத் அல் கத்ரி தோட்டத்தில்
முதல் தடவை நாற்பத்திரண்டு மீட்டர்.
மறு தடவை நாற்பத்தைந்து.
அப்புறம் ஐம்பத்தொன்று.
ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி:
"இன்னும் மூணு மீட்டர் போனா?"
போனால் என்ன, போகலாம்.
குழாய்க்குத் தனி விலை, கூலிக்குத் தனி.

முதலில் போனது எலுமிச்சை.
பூத்தது, பிஞ்சு விட்டது,
ஒரு வெள்ளிக்கிழமை மொத்தமாகக் கொட்டியது.
பிறகு கொய்யா. பிறகு மாட்டுக்கு வைத்த குதிரைமசால்.
வெள்ளரியை வலைக்கூடாரத்துக்குள் கொண்டுபோய்
மொக்லேஸ் சொட்டுச் சொட்டாக ஊட்டினான்
காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி ஊட்டுவதுபோல்.
நுனி கருகிக் கசந்தது.
பேரீச்சை மட்டும் நின்றது.
பேரீச்சையை நம்பக் கூடாது,
செத்த பிறகும் இரண்டு வருஷம் நிற்கும்.

மூன்று குளிர்காலமாக மலைமேல் மேகம் வருகிறது,
படம் எடுத்துக்கொள்ளலாம்.
ஓடையில் உருண்டு வருவது
ஆட்டுப் புழுக்கை.
கிழக்கிலிருந்து மழை இறங்காவிட்டால்
மேற்கிலிருந்து கடல் கிளம்பிவிடும்,
மண்ணுக்கு அடியில், செருப்பைக் கழற்றிவிட்டு.
மாலையில் அலை பார்க்கப் போகிறவர்கள்
கடல் அங்கேயே நிற்பதாக நினைக்கிறார்கள்.
அதன் நடை எனக்குத் தெரியும்.
என் பில் புத்தகத்தில் தேதியோடு இருக்கிறது:
கடற்கரைச் சாலைத் தோட்டங்கள் இரண்டாயிரத்துப் பதினாறில்,
பள்ளிவாசல் வளைவு பத்தொன்பதில்,
ஒட்டகப் பண்ணை இருபத்திரண்டில்.

போன செவ்வாய் மறுபடி கூப்பிட்டார்.
மோட்டாரை மேலே இழுத்தோம்.
குழாயெல்லாம் வெள்ளைக் காறை.
மொக்லேஸ் விரலால் சுரண்டி நாக்கில் வைத்தான்,
துப்பவுமில்லை, விழுங்கவுமில்லை.
உப்பு மீட்டரை வாளியில் விட்டேன்.
ஒன்பதாயிரத்து நானூறு.
ஒபைத் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
மறுபடி பார்த்தார்.
ஒன்பதாயிரத்து நானூற்றுப் பத்து.

"இன்னும் மூணு மீட்டர்?"

விலை என் உதடுவரை வந்துவிட்டது.
"அர்பாப், கீழே இருக்கிறது கடல்" என்றேன்.
எனக்குத் தெரிந்த அரபியில்
நட்டு, போல்ட்டு, நாளைக்கு, காசு எல்லாம் உண்டு,
ஆறுதலுக்குச் சொல் கிடையாது.
சும்மா ஒரு தகவலாகப் போய் விழுந்தது.

கொஞ்ச நேரம் ஆடுகளைப் பார்த்தபடி நின்றார்.
மோட்டாரை நீயே எடுத்துக்கோ என்றார். அறுநூறு திர்ஹம்.
நான் பேரம் பேசினேன்.
பேசியிருக்க வேண்டாம்.
ஐந்நூறுக்குத் தந்தார்.

சாயங்காலம் ஆடுகளுக்கு டேங்கர் வந்தது,
கடலை வடிகட்டி எடுத்த நல்ல தண்ணீர்.
ஒரே கடல்தான்,
மேலே வருவது காசுக்கு,
கீழே வருவது இலவசம்.

இராத்திரி மொக்லேஸ் மெயின் ரோட்டுக் கடையில்
அரைக் கிலோ வெள்ளரி வாங்கினான்.
ஒட்டியிருந்த சீட்டில் வேறொரு நாட்டின் பெயர்.
அங்கே யார் இறக்கிக்கொண்டிருக்கிறார்களோ
மூன்று மூன்று மீட்டராக.
உப்புத் தொடாமலே தின்றோம்.

காலையில் ஃபோன்.
கிழக்கே நாலு கிலோமீட்டர், மலையடிவாரத் தோட்டம்.
தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறதாம்,
ருசி இன்னும் மாறவில்லையாம்,
பழைய மோட்டார் ஏதாவது கிடைக்குமா?
இருக்கிறது என்றேன்.
நல்லா ஓடுமா?
பிக்கப்பின் பின்னால் அது கிடந்தது,
இரவெல்லாம் வடிந்த நீர் காய்ந்து
தகரத்தில் வெள்ளையாக ஒரு வரைபடம்.

கடைசி வரைக்கும் ஓடியது என்றேன்.