வலது இண்டிகேட்டர்

மணலி புதுநகர் தாண்டியதும்
ரோட்டில் பாதியை வேலை என்று
டிரம் வைத்து அடைத்திருக்கிறார்கள்.
மிச்சப் பாதியில்தான்
போவதும் வருவதும்.
நடுவே இழுத்த வெள்ளைக் கோட்டைச்
சாம்பல் லாரிகள் தேய்த்துத் தின்று
நாளாகிறது.

என் முதுகில் நாற்பதடிப் பெட்டி.
உள்ளே என்ன, தெரியாது,
சீல் வைத்திருக்கிறார்கள்.
அதற்கும் பின்னால் யார், தெரியாது.
கண்ணாடியில் எப்போதாவது
ஒரு முழங்கை,
ஒரு துப்பட்டா நுனி
எட்டிப் பார்த்துவிட்டு ஒளிந்துகொள்ளும்.

துறைமுகம்வரை
நான் உருட்டிக்கொண்டு போகும் சுவர் இது.
சுவருக்குப் பின்னால் வருகிறவனுக்கு
எதிரே வருவது தெரியாது.
எனக்குத் தெரியும்.
தொல்லை அங்கேதான்.

எல்லா டிரைவரும் செய்வதைத்தான் செய்தேன்.
எதிரே காலியென்றால்
வலது இண்டிகேட்டரை இரண்டு தரம் சிமிட்டுவேன்.
போ, என்று அர்த்தம்.
அதே விளக்குக்கு
திரும்பப் போகிறேன், வராதே
என்றும் அர்த்தம்.
லைசென்ஸ் கொடுக்கிற இடத்தில்
இரண்டாவதைக் கேட்பார்கள்.
ரோட்டில் முதலாவதைக் கேட்பார்கள்,
அதுவும் ஹாரனில்.

மாசி. காலை ஆறரை.
பனியா சாம்பலா என்று
பிரிக்க முடியாத வெள்ளை.
நாப்பாளையம் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால்
கண்ணாடியில் ஒரு பைக்.
பின்னால் உட்கார்ந்த பெண்ணின் மடியில்
டேபிள் ஃபேன்.
பிளக் இல்லாமல், கரண்ட் இல்லாமல்
ஓடுகிற காற்றில் அதன் இறக்கை
தானாகச் சுற்றிக்கொண்டு வந்தது.
எனக்குச் சிரிப்புகூட வந்தது.
எதிரே பார்த்தேன். காலி.
சிமிட்டினேன்.

என்னைத் தாண்ட ஏழு எண்ணவேண்டும்.
ஒன்று, இரண்டு,
மூன்றில் அவன் என் டீசல் டேங்க் பக்கம்.
நான்கில்
பாலத்து மேட்டில்
விளக்குப் போடாத தண்ணி லாரி.

முப்பது டன் உடனே பேச்சுக் கேட்காது.
இடது சக்கரங்களை மண்ணில் இறக்கினேன்.
கிளீனர் எபிநேசர்
டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு
கர்த்தரைப் பாதிப் பெயரில் கூப்பிட்டான்.
ஃபேன் வலை என் பம்பரைக் கீறிய சத்தம்
பல்லில் கேட்டது.

நிறுத்தி, குதித்து இறங்கி,
முழங்கால் நடுக்கம் வெளியே தெரியாதிருக்க
வாய்க்கு வந்ததைக் கேட்டேன்,
இந்த ஊரில் எல்லார் வாய்க்கும் வருவதை:
"வூட்ல சொல்லிகினு வந்தியா?"

அவன் பேசவில்லை.
ஹேண்டில்பாரை விட்ட கை
இன்னும் ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே
காற்றில் இருந்தது.
அவள்தான்,
வளைந்த வலையை நிமிர்த்திக்கொண்டே:
"சொல்லிகினுதான் வந்தோம்.
நீதான போன்னு சொன்ன?"

அன்றிலிருந்து சிமிட்டுவதில்லை.
ஓரமாகப் போகிறேன்.
நேரான இடத்தில்
இருபதுக்குக் குறைக்கிறேன்.
நான் விடுகிற வழியில்
அவரவர் கண்ணால் பார்த்துப் போகட்டும்.
பின்னால் அடிக்கிற ஹாரனில்
என் அம்மா, என் ஓனர்,
பெட்டியை இறக்கிய கப்பல்
எல்லாருக்கும் திட்டு விழுகிறது.
"காலியாத்தான கீது அண்ணே,
சொன்னா இன்னா?" என்கிறான் எபிநேசர்.
காலியாகத்தான் இருந்தது, அன்றும்.

ஆனால் வல்லூரில்
துறைமுகத்துக்கு நான்
நிஜமாகவே வலப்பக்கம் திரும்பவேண்டும்.
விளக்கைப் போட்டால்
போகச் சொல்கிறேன் என்று
நான்கு பேர் ஏறி வருகிறார்கள்.
அதனால் எபிநேசர் இறங்கி
ரோட்டின் நடுவில் நின்று
சிவப்புத் துண்டை இரண்டு கையாலும்
விரித்துப் பிடிக்கிறான்.

சில நாள் அதையும்
வா என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.