நான்காம் பத்தி

போ பாசென் சிறையில் பேரேடு எழுதுகிறவன் நான்.
கவர்மெண்ட் கோடு போட்டுக் கொடுத்த பத்திகள் ஏழு:
எண், பெயர், வயது, குற்றம்,
தண்டனைக் காலம், அங்க அடையாளம், விடுதலை நாள்.
பதினோரு வருஷமாகக் கரும்புத் திருடர்களை,
கத்திக்குத்துக்காரர்களை,
ஒரு தடவை என் சித்தப்பா மகனையே எழுதியிருக்கிறேன்.
மசி சிந்தியதில்லை.

நாற்பதாம் வருஷம், டிசம்பர் முடியப் போகிற சமயம்
துறைமுகத்திலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள்,
அந்த வெயிலில் கம்பளிக் கோட்டோடு.
கழற்றினால் அதையும் யாராவது
எடுத்துக்கொள்வார்கள் என்பதுபோல.
ஒருத்தி வயலின் பெட்டி வைத்திருந்தாள்.
திறக்கச் சொன்னோம்:
குழந்தைத் துணி. குழந்தை இல்லை.

பெயர்?
எகோன் லுஸ்டிக். வியன்னா. கடிகாரம் பழுது பார்ப்பவன்.
லுஸ்டிக் என்றால் எங்கள் பாஷையில் குஷி என்று அர்த்தம்
என்றான், சிரிக்காமல்.
குற்றம்?
பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.
அவன் யோசித்தான்.
பின்னால் நின்றவரிடம் திரும்பி ஏதோ விசாரித்தான்.
அவர் தனக்குப் பின்னால் நின்றவரிடம்.
வரிசை முழுக்கக் கேள்வி நகர்ந்து போய்
முற்றத்துச் சுவரில் முட்டி
பதில் இல்லாமல் திரும்பி வந்தது.
துரையைப் பார்த்தேன்.
"காலியாக விடு" என்றார்.

போக நினைத்த ஊரின் கரையைக்
கண்ணால் பார்த்தார்களாம்.
பார்த்த கையோடு இங்கே திருப்பிவிட்டார்களாம்.

என் பாட்டனுக்கு அப்பன் சுப்பராயன்
இறங்கியதும் அதே துறைமுகம்தான்.
எழுதியவன் காதில் விழுந்தது சூப்ராயேன்,
இன்றுவரை நாங்கள் சூப்ராயேன்.
ஆனால் அவனுக்கு ஒரு காரணம் இருந்தது: கரும்பு.
வேண்டும் என்று கொண்டுவந்தார்கள் அவனை.
வேண்டாம் என்பதற்காகவும் ஒருவரைக்
கப்பலேற்றிக் கொண்டுவர முடியும் என்று
இவர்களை எழுதும்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஆண்கள் கல்லறைகளுக்குள்.
(சிறை அறையைத்தான் சொல்கிறேன். மற்றது பிறகு.)
பெண்கள் தகரக் கொட்டகையில்.
புருஷன் பெண்சாதிக்கு நடுவே ஒரு சுவர்,
சுவருக்குக் காவல் எங்கள் ஊர்ப் பையன்கள்.

ஆ கீ கடையில் அரிசிக்கு வரிசை.
"நமக்கு மக்காச்சோள மாவு, வெள்ளைக்காரக் கைதிக்கு அரிசியா?"
என்றார் பந்தியாலு.
அவர்கள் தட்டில் என்ன விழுகிறது என்று
அந்தக் கடையில் தெரிந்த ஒரே ஆள் நான்.
என் படியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் வெளியிலிருந்து யாரோ
மதிலுக்கு மேலே லிச்சிக் குலை வீசினார்கள்.
அதையும் பதியவேண்டும், சட்டம்.
பழம், ஒரு குலை. வீசியவர்: தெரியாது.
அன்று சாயங்காலம் வீட்டில்
லிச்சிக் கூடை கவிழ்ந்து கிடந்தது.
நான் கேட்கவில்லை. செகதாம்பாளும் சொல்லவில்லை.

என் கைக்கடிகாரத்தை லுஸ்டிக் சரிபண்ணிக் கொடுத்தான்.
காசு கொடுக்கக் கூடாது, மூன்று எலுமிச்சை கொடுத்தேன்.
ஒன்றை மூக்கருகே வைத்துக்கொண்டு
வெகு நேரம் உட்கார்ந்திருந்தான்.
மூன்றாம் வருஷக் காய்ச்சலில் போனான்.
சென் மார்த்தேன் மயானத்தில் அவர்களுக்கென்று ஒரு மூலை.
கல் வெட்டுகிறவனுக்குப் பெயர் எழுதிக் கொடுத்தது நான்தான்.
ஒவ்வொரு எழுத்தாக, நான்கு தடவை சரிபார்த்து.
இன்னொரு சூப்ராயேன் வேண்டாம்.

சிறைக்குள்ளேயே பிறந்தவர்களும் உண்டு.
வயது: ஒரு நாள்.
நான்காம் பத்தியில் பேனா
தானாகவே தாண்டிப் போயிற்று.

யுத்தம் முடிந்தது. கப்பல் வந்தது.
ஏழாம் பத்தி ஒரே வாரத்தில் நிரம்பியது.
கோட்டுகளை விட்டுவிட்டுப் போனார்கள் சிலர்.

அன்றிரவு அலுவலகத்தில் தனியே உட்கார்ந்து
முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன்.
நான்காம் பத்தியில், தமிழில், பொடி எழுத்தில்
இல்லை
இல்லை
இல்லை
கொசு கடித்தது. விளக்கு இரண்டு தடவை அணைந்தது.
விடியும்போது பக்கம் தீர்ந்திருந்தது.

தணிக்கைக்கு வந்த துரை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
இது என்ன கிறுக்கல் என்றார்.
மேற்படி என்று அர்த்தம் துரை, என்றேன்.
கையெழுத்துப் போட்டார்.