முதலில் பக்கங்கள், பிறகு தரை

லிஃப்ட் இல்லாத கட்டிடம்.
நான்காம் மாடி வரை
ஒரு தோளில் ஸ்மில்தே,
மறுதோளில் மடித்து உறையில் போட்ட
அவளுடைய பயணக் கட்டில்.
இரண்டாம் மாடி ஸிக்மாஸ் கதவைத் திறந்து
நீளப் பையைப் பார்த்துக் கேட்பான்:
மீன் ஏதாவது கிடைத்ததா?
ஒன்று, என்பேன். எட்டரை கிலோ.

ஒன்றுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை
என்று தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்
யுர்கிதாவும் நானும்.

முதல் வெள்ளி
நாற்பது நிமிடம் மல்லுக்கட்டினேன்.
முப்பது டன் பெட்டியைக்
கப்பலின் வயிற்றில்
முட்டையை வைப்பதுபோல் வைக்கிறவன்,
கிளைபெதா துறைமுகத்தில் பன்னிரண்டு வருஷமாய்.
இங்கே ஒரு பக்கத்தை நிமிர்த்தினால்
எதிர்ப்பக்கம் மண்டியிட்டது.
குல்லாவைக்கூடக் கழற்றாமல்
மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்,
மேலதிகாரி மாதிரி.

ஒன்பது மொழியில் அச்சடித்த காகிதம்,
எங்கள் மொழி அதில் இல்லை.
படம் மட்டும் சொன்னது:
நடுவை மேலே தூக்கியே வை.
நான்கு பக்கமும் டக்கென்று நிற்கட்டும்.
அதற்கப்புறம்தான் தரையை அழுத்து.

நாங்கள் தரையைத்தான் முதலில் அழுத்தினோம்.
கடன், சோபா, குளியலறை ஓடு
எல்லாம் பதிந்த பிறகு
பக்கங்களைத் தேடினோம்.
இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்,
கட்டிலைப் பற்றித்தான்
பேசிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது நாற்பது விநாடி.

சனிக்கிழமை காலை.
ஜன்னலோரம் வலைக்குள் அவள்.
அடுப்பில் உருளைக்கிழங்கு.
மரக்கரண்டி வெளியே விழும். எடுத்துப் போடுவேன்.
துணி முயல். எடுத்துப் போடுவேன்.
ஒற்றைக் காலுறை,
ஊறிய ரொட்டி ஓரம்,
மறுபடி முயல்.
விடுமுறையிலும் நிற்காத கிரேன் நான்.

நாற்பது மீட்டர் உயரத்தில்
நானும் ஒரு கூண்டில்தான் உட்காருகிறேன்.
காலடியிலும் கண்ணாடி.
காற்று முற்றினால் இறங்கச் சொல்வார்கள்.
மற்றபடி நாலு மணி நேரம் நகர முடியாது.
அதனால் அவள் வலையில் மூக்கை நசுக்கிக்கொண்டு
வெளியே விடு என்று கத்தும்போது
தொழிற்சங்கக்காரனாய் எனக்கு நியாயம் தெரிகிறது.
தூக்கி விடுவேன்.
நேரே அடுப்புக்குப் போவாள்.
மறுபடி உள்ளே.
பேச்சுவார்த்தை முறிந்தது.

அன்றைக்கு விசேஷம் ஒன்றும் இல்லை.
கிழங்கின் தண்ணீரை வடித்துவிட்டுத் திரும்பினால்
கட்டிலின் விளிம்புக்கு மேலே
நெற்றி.
அப்புறம் இரண்டு கண்.
விளிம்பைக் கடித்தபடி நின்றாள்,
முழங்கால் வெடவெடக்க,
கயிற்றில் தொங்கும் சுமை
காற்று வாங்குவதுபோல் லேசாக ஆடிக்கொண்டு.

கை தானாகப் போனை எடுத்தது.
முதல் பல் நினைவுக்கு வந்தது.
அதுவும் என் சனிக்கிழமையில்தான் முளைத்தது.
உடனே படம் அனுப்பினேன்.
யுர்கிதாவிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது.
அது வர
மூன்று மணி நேரம் ஆயிற்று.

போனை மாவு டப்பாவின் மேல் கவிழ்த்து வைத்தேன்.

ஞாயிறு மாலை
நடுப்பட்டையை இழுத்து,
நான்கு பக்கமும் தளர்த்தி,
உறை, படிகள், கார்.
தூங்கினாளா? தூங்கினாள்.
சாப்பிட்டாளா? கிழங்கு.
வேறு?
வேறொன்றும் இல்லை.

செவ்வாய் இரவு மணி அடித்தது.
“நின்னுட்டா! தானா எழுந்து, பிடிச்சுக்கிட்டு!”
“அப்படியா!” என்றேன்.
எனக்கு நடிக்க வராது.
அவள் அம்மா தந்த பரிசைப் பிரித்தபோதே
அது அவளுக்குத் தெரியும்.

மறுமுனையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.
அதை மூடினாள்.

“உன் வீட்டுல எந்தப் பக்கம் நின்னா?”

ஜன்னல் பக்கம், என்றேன்.

“எவ்வளவு நேரம்?”

கிழங்கு ஆறுகிற வரைக்கும்.