ஓரணுக் கனம்

கிறிஸ்துமஸுக்கு மறுநாள்.
மிஞ்சிய வான்கோழியை எலும்பிலிருந்து
பிய்த்துக்கொண்டிருந்தேன்.
நெவில் ஒரு பென்சிலை எடுத்து
கேஸ் பில்லின் முதுகில் கிறுக்கினான்.
மேலே செலோடேப்பை ஒட்டி உரித்தான்.
மடித்து ஒட்டினான்,
மறுபடி உரித்தான்.

"இவ்வளவுதான், லொரெய்ன்.
இப்படித்தான் உரித்து எடுத்தார்கள்.
இங்கே, மான்செஸ்டரில்,
என் ட்ராம் தடத்திலிருந்து நடக்கிற தூரத்தில்."

டேப்பில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை.
எஃகையும் தோற்கடிக்கிற ஏதோ ஒன்று,
ஓரணுக் கனத்தில்,
அதற்குள் எங்கோ இருக்கிறதாம்.
எண்ணெய்க் கையோடு வாங்கி
விளக்குக்கு நேரே பிடித்தேன்.
என் கட்டைவிரல் ரேகை
நன்றாகத் தெரிந்தது.

காசைக் கரியாக்காதே என்பார்கள்.
இவன் கரியைக் காசாக்கப் புறப்பட்டான்.

லேட்டிஸ்மூர் என்று கம்பெனிக்குப் பெயர்.
வருமானம் இன்னும் இல்லை.
ஆலை, வரைபடத்தில்.
தலைவர் டை கட்டுவதில்லை;
அதுவே நல்ல சகுனம் என்றான்.
முப்பத்தெட்டு பென்ஸுக்குப் பத்தாயிரம் பங்கு.
சமையலறையை மாற்ற வைத்திருந்த பணம்.

கோடையில் தொண்ணூற்றொன்று.
ராச்டேல் தடத்தில், கடைசி நிறுத்தத்தில்,
வண்டியைத் திருப்புவதற்குள் போனைத் திறப்பான்.
எனக்குச் செய்தி வரும்:
எழுபத்திரண்டு.
எண்பது!
பள்ளிச் சமையலறையில்
முந்நூறு குழந்தைகளுக்கு உருளைக்கிழங்கை மசித்தபடி
எண்பதைப் பத்தாயிரத்தால் பெருக்குவேன்.
பொய் சொல்வானேன்,
நானும் பெருக்கினேன்.
அடுப்புக்கு மேலே பச்சை ஓடு பதிக்கலாம் என்று
கடைக்குக்கூடப் போய்வந்தேன்.

"வித்துடு."
"ஒரு பவுண்ட் வரட்டும்."

வந்ததென்னவோ புதுப் பங்கு வெளியீடு.
ஆலைக்கு இயந்திரம் வேண்டுமாம்.
ஆறு மாதம் கழித்து இன்னொன்று,
இயந்திரத்தை நிறுத்த இடம் வேண்டுமாம்.
அப்புறம் ஒன்று; காரணத்தை நெவில் சொல்லவில்லை.
உரித்தார்கள்,
மடித்து ஒட்டி
மறுபடி உரித்தார்கள்.
எங்கள் பத்தாயிரம் பத்தாயிரமாகவே இருந்தது.
அதன் கனம்தான் போயிற்று.

பங்குதாரர் கூட்டம் விமான நிலையத்தருகே ஒரு ஹோட்டலில்.
இருபத்தோரு பேர், முட்டை சாண்ட்விச்,
மூடி இறுக்கிய புட்டியில் கரும்பொடி.
அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம்,
பிறந்த குழந்தையைப் போல.
ஸ்டாக்போர்ட்காரர் ஹால்வொர்த் எழுந்தார்,
இடுப்பைப் பிடித்துக்கொண்டு.
"போன வருஷம் எத்தனை கிலோ விற்றீர்கள்?"
"கிலோவில் அளப்பது,"
என்றார் டை கட்டாதவர்,
"இந்தத் துறையைப் புரிந்துகொள்ளாதவர்கள் வழக்கம்."
யாரோ கைதட்டினார்கள்.
கைதட்டியது நெவில்.

போகும்போது ஆளுக்கொரு டின் பெயிண்ட் கொடுத்தார்கள்.
அந்தப் பொடி கலந்தது, துருப் பிடிக்காதாம்.
அரை லிட்டர்.
பின்வாசல் இரும்புக் கதவுக்கு அடித்தான்.
கம்பிகளுக்குப் போதியது;
கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் மிஞ்சவில்லை.

மூன்று மழைக்காலம் போய்விட்டது.
ஓல்டமில் மழைக்காலம் எது என்று கேட்காதீர்கள்.
பங்கு ஒன்றே கால் பென்ஸில் தொங்கி
ஒரு வெள்ளிக்கிழமை
பட்டியலிலிருந்தே விழுந்தது.
சொல்லாமல் சாப்பிட்டான். தட்டைக் கழுவினான்.
அன்றைக்குத்தான் நான் கேட்டிருக்க வேண்டும்,
ஏனோ பட்டாணி போதுமா என்று கேட்டேன்.

நேற்று தூறலில் கதவருகே நின்றான்.
கீல் சிவந்து உதிர்கிறது.
தாழ்ப்பாளை உதைத்தால்தான் திறக்கும்.
கம்பிகளில் மட்டும் ஒரு புள்ளி இல்லை,
மேலிருந்து கீழ்வரை
அன்று அடித்த அதே கறுப்பு.
விரலால் தடவிக் காட்டினான்.

"வேலை செய்யுது பார்."

செய்யத்தான் செய்கிறது.
அதை நான் மறுக்கவில்லை.
உள்ளே வந்தேன்.
கரண்டிகள் வைக்கும் இழுப்பறையின் முகப்பு
இன்றும் கையோடு வந்துவிட்டது.
செலோடேப் எங்கே என்று
அவனைக் கேட்க வாயெடுத்து,
நானே தேடிக்கொண்டேன்.