விவர அட்டை எழுதுகிறவன்

நெற்குப்பையிலிருந்து இரண்டு லாரியில் வந்த வீடு,
நானூற்றுப் பன்னிரண்டு துண்டு.
ஒவ்வொன்றிலும் சுண்ணக்கட்டியால்
எண் போட்டிருந்தார் தச்சர் சூசை.
இறக்கிய அன்றே கோடைமழை.

எண்கள் கரைந்தபின்
ஊகத்தில்தான் நிறுத்தினோம்.
வளவுக் கதவொன்று இப்போது
வெளிப்பக்கம் திறக்கிறது.
"அந்தக் காலத்திலேயே எப்படி யோசித்திருக்கிறார்கள்!"
என்கிறார்கள் பார்க்க வருபவர்கள்.
நான் மறுப்பதில்லை.

வாசல் அட்டையில் எழுதியதும் நான்தான்:
"இந்தப் பொட்டலில் முதலில் குடியேறியவர்கள்."
ஊருணி தூர்வாரும்போது அகப்பட்ட மண்வெட்டிக்கு
"கொடுத்தவர்" என்ற இடம் காலி.

பர்மாத் தேக்குக்கு வருடம் ஒருமுறை எண்ணெய் போதும்.
கடைசி வரிசைக் குடிசையின் கீற்று
இரண்டு மழைக்குத் தாங்காது.
வேய்வதற்குக் காலனியிலிருந்து இருளாயி வருகிறாள்.
அவள் இருப்பது கான்கிரீட் தொகுப்பு வீடு.
அதுவும் ஒழுகுகிறது.

நேற்று மோட்டில் உட்கார்ந்தபடி கேட்டாள்:
"பெரிய வீட்டுக்கு வருசம் போட்டிருக்கு.
இதுக்கு என்ன வருசம்?"

போன ஆடியில் வேய்ந்தது, என்றேன்.

"அதைப் போடுங்க."
கயிற்றைப் பல்லால் இழுத்து முடிந்துவிட்டு,
"முதல்ல வந்தவுகளுக்குத்
தண்ணி கெடக்குற எடம் காட்டுனது யாரு?"

கீற்றுக்கட்டு ஒன்றை மேலே தூக்கிக் கொடுத்தேன்.

சாயங்காலம் எல்லோரும் போனபிறகு
"முதலில்" என்ற சொல்லின்மேல்
வெள்ளைத்தாள் கிழித்து ஒட்டினேன்.

இன்று காலை
கல்லல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்
அதை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள்,
அடியில் என்ன இருக்கிறதென்று.